போன்சாய்க்குப் பருத்த காகிதப்பூ: தோண்டி எடுப்பதா, போத்து நடுவதா, நிலத்தில் வளர்ப்பதா?

சின்னத் தொட்டியில் வைத்த காகிதப்பூ வருடக்கணக்கில் பூக்கும், கிளைக்கும். ஆனால் அடிமரம் மட்டும் விரல் கனத்திலேயே நின்றுவிடும். வேர் ஓட இடமில்லாத செடி அடி பெருக்காது. ஆகவே போன்சாய்க்கு, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்துக்கு, 10 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள அடிமரம் வேண்டுமென்றால் மூன்று வழிகள்தான் உண்டு. நிலத்தில் முதிர்ந்து நிற்கும் பழைய செடியை வேரடியோடு தோண்டி எடுக்கலாம். பெரிய செடியைக் கவாத்து செய்யும்போது விழும் தடித்த கிளையை, முருங்கைப் போத்து ஊன்றுவதுபோல ஊன்றலாம். அல்லது சின்னச் செடியை நிலத்தில் விட்டுப் பருக்க வைத்துப் பிறகு எடுக்கலாம். மூன்றையும் செய்து பார்த்தபின் என் சாய்வு முதல் வழிக்கே. அதிலும் ஆண்டுக்கணக்கில் வேலியாகக் கத்தரிக்கப்பட்டு நிற்கும் பழைய செடிக்கு.

காலக் கணக்கு சுலபம். தோண்டிய மரம் இரண்டாம் ஆண்டிலேயே கிளை அமைக்கும் நிலைக்கு வரும். போத்து அதைவிட ஒரு வருடம் கூடுதலாகக் கேட்கும். நிலத்தில் வளர்ப்பது ஐந்து வருடத்துக்குக் குறையாத வேலை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து எடுத்த மரங்களில் பல, நாலைந்து வருடத்தில் உள்ளே விரல் நுழையும் பொந்தாகிவிடுகின்றன.

எதை எடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது வெட்டுக்காயம். எத்தனை காயம், எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆல், அத்தி இனங்களில் வெட்டிய இடத்தைச் சுற்றிப் புதுத் திசு உருண்டு வந்து, சில வருடத்தில் காயத்தை மூடிவிடும். காகிதப்பூவில் பெரிய காயம் மூடுவதே அரிது. விளிம்பில் கொஞ்சம் தடித்து அப்படியே நின்றுவிடும். அதன் கட்டையின் அமைப்பே வேறு. சாதாரண மரத்தில் பட்டைக்கு அடியில் ஒரே வளர்படலம் (புதுத் திசுவை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு) ஆண்டாண்டாகக் கட்டையைச் சேர்த்துக்கொண்டு போகும். காகிதப்பூவிலோ ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் புதிது புதிதாக வளர்படலங்கள் உண்டாகும். அதனால் கெட்டியான கட்டைக்கு நடுநடுவே மெத்தென்ற திசு வளையம் வளையமாக இருக்கும். சில மாதம் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மெத்தென்ற பகுதி சுருங்கி, வளையங்களுக்கு இடையே இடைவெளி விட்டிருக்கும். நகத்தால் நெருடினால் அடுக்காகப் பெயரும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவது இந்த இடைவெளிகள் வழியாகத்தான். அழுகலும் அதே பாதையில் போகும்.

காயம் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் ஆபத்து மாறும். பக்கவாட்டில் இருக்கும் காயத்தில் தண்ணீர் நிற்காது, காற்று படும், வருடக்கணக்கில் தாங்கும். வானத்தைப் பார்த்த தட்டையான காயம் குளம்போலத் தண்ணீர் பிடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது மண்ணுக்குள் இருக்கும் காயம். அது எப்போதும் ஈரத்தில் கிடக்கும், மருந்து போடவும் எட்டாது. போத்தைவிடத் தோண்டி எடுத்த மரத்தை நான் மேலாகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

போத்தின் அடியைப் பாருங்கள். 8 செ.மீ. தடிமனுள்ள கிளையை அறுத்து ஊன்றினால், மண்ணுக்குள் 8 செ.மீ. அகலத்துக்கு வெறும் கட்டை இருக்கும். வேர் வருவது பட்டையை ஒட்டிய விளிம்பில் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் கொத்தாக. நடுக்கட்டை செத்து, கீழிருந்து மேலே உளுத்துக்கொண்டு வரும். வெளியே இலையும் பூவுமாகச் செழிப்பாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தொட்டி மாற்றும் நாளில்தான் அடி உள்ளீடற்ற குழாயாக இருப்பது தெரியும். தோண்டிய பழைய மரத்தில் அடி இயற்கையாகவே விரிந்து பல வேர்களாகப் பிரிந்திருக்கும். காயம் ஒரே பெரிய வட்டமாக இல்லாமல் வேருக்கு ஒன்றாகச் சின்னச் சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் உயிர்த்திசு இருக்கும், அதிலிருந்து வேரும் வரும்.

சரி, தோண்டத் தகுந்த செடி எது? கொடியாக ஏறவிட்ட செடியைவிட வேலிச் செடி எவ்வளவோ மேல். கொடியின் அடி பருமனாக இருக்கும், ஆனால் தூண்மாதிரி மேலும் கீழும் ஒரே கனம். வேலியில் மீண்டும் மீண்டும் கத்தரிப்பதால் அடி குட்டையாக, முண்டும் முடிச்சுமாக, தாழ்விலேயே பல கவடு விட்டு நிற்கும். கீழே அகன்று மேலே ஒடுங்கும் வடிவம் தானாகவே கிடைக்கும். காயங்களும் பழையவை, சின்னவை. பார்த்ததும் முடிவு செய்யாமல் அடியைச் சுற்றி 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை விலக்கிப் பாருங்கள். உண்மையான அகலம் பல நேரம் அங்கேதான் இருக்கும். சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். பொந்து இருந்தால் ஓசையே சொல்லும். பட்டையை நகத்தால் கீறினால் எல்லாப் பக்கமும் பச்சை தெரிய வேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் கடப்பாரை வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எடுக்கும் காலம் வெப்பம் ஏறத் தொடங்கும் நாட்கள். இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போகாத பருவம் நல்லது. குளிரில் எடுத்தால் வேர் வராது, அழுகல் முந்திக்கொள்ளும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் அவசியம். முதலில் மேல்பகுதியை அறுங்கள். நினைத்த உயரத்துக்குமேல் குறைந்தது 5 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிய முனை கொஞ்சம் கீழ்நோக்கிக் காயும். இறுதி உயரம் அடிவிட்டத்தைப்போல 6 மடங்கு என்பது போன்சாயில் பொதுக் கணக்கு. ஆனால் 15 செ.மீ. அடிமரத்துக்கு 3 அல்லது 4 மடங்கே கம்பீரமாக இருக்கும்.

பிறகு அடியைச் சுற்றி 30 முதல் 40 செ.மீ. தள்ளி வட்டமாகத் தோண்டி, பக்கவேர்களை அறுத்து, கடைசியில் அடியில் இறங்கும் தடித்த வேரை அறுக்க வேண்டும். காகிதப்பூவின் சல்லிவேர் நொறுங்கும் தன்மை உடையது, வேரோடு மண் உருண்டையாக வராது. அதற்காக வருந்த வேண்டாம். முதிர்ந்த மரம் தன் கட்டையில் சேர்த்து வைத்த சத்திலேயே புது வேர் விடும். தடித்த வேர்களை 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் நிறுத்தி, முனைகளைக் கூரான கத்தியால் வழவழப்பாகச் சீவுங்கள். பிசிறு இருந்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும். களிமண் ஒட்டியிருந்தால் கழுவிவிடுங்கள். ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்து அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

நடும் கலவையில் 4 முதல் 8 மி.மீ. அளவுள்ள ப்யூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடிக் குருணை) அல்லது உடைத்த செங்கல் 70 சதவீதம், தென்னைநார்த் துண்டு 30 சதவீதம் போதும். தொழு உரமோ தோட்ட மண்ணோ இப்போது கூடாது. தொட்டி வேரடியைவிட நாலு விரல் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அடித்துளைகள் வழியாகக் கம்பி கோத்து மரத்தை அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். மரம் ஆடினால் நூல்போல வரும் புது வேர்கள் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். மேலே தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் துளிர் வரும். மரங்கள் அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான். துளிரைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டதென்று நினைத்து வெயிலில் தூக்கி வைப்பார்கள், உரம் போடுவார்கள், தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் துளிர் கட்டையிலிருந்த சத்தில் வந்தது. வேர் இல்லாமலே 5, 10 செ.மீ. வளர்ந்து ஒருநாள் தொங்கிப்போகும். துளிர்கள் 30 செ.மீ. தாண்டி, அடிப்பக்கம் பழுப்பாகி முற்றிய பிறகே உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். வேர் தொட்டித் துளையில் எட்டிப் பார்க்கும் வரை உரம் வேண்டாம்.

முதல் பருவத்தில் எந்தத் துளிரையும் கிள்ளக்கூடாது. காகிதப்பூவின் அடிமரம் கோடு கோடாக உயிர் தரிப்பது. எந்தப் பக்கத்தில் துளிர் இல்லையோ, அந்தப் பக்கத்தில் மேலிருந்து வேர்வரை ஒரு பட்டை அகலத்துக்குக் காய்ந்துபோகும். அழகுக்காகச் சீக்கிரம் கிள்ளினால் அடிமரத்தில் பாதி செத்துவிடும். கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றுவதானால் துளிர் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும்போது சுற்ற வேண்டும். அதற்கு முன் வளைத்தால் அடிமரத்தோடு சேரும் இடத்திலேயே பிய்ந்துவரும், முற்றியபின் வளைத்தால் முறியும்.

காய பராமரிப்பு தோண்டிய மரத்திலும் இருக்கத்தான் செய்கிறது. வெட்டிய அன்று பட்டை விளிம்பில் மட்டும் பூச்சுப் பசை தடவினால் போதும். ஈரக் கட்டையின் முகத்தை மெழுகாலோ பெயின்டாலோ மூடினால் ஈரம் உள்ளே சிறைபட்டு உளுக்கும். ஒரு வருடம் கழித்து, உயிருள்ள பகுதியும் செத்த பகுதியும் தெளிவாகப் பிரிந்தபின், மெத்தென்றிருக்கும் கட்டையைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் வடியும்படி சாய்வாகக் குடையுங்கள். குழி ஆழமாக இருந்தால் அதன் அடியிலிருந்து வெளியே ஒரு துளை போட்டுவிடுவது நல்லது. மழை படாமல் இரண்டு மூன்று வாரம் உலரவிட்டு, மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டு லைம் சல்ஃபர் என்னும் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைப் பூசுங்கள். அது பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் கட்டையைக் கெட்டியாக்காது. அது காய்ந்தபின் கட்டை கெட்டியாக்கும் பிசின் திரவத்தை உறிஞ்சும் அளவுக்கு ஊற்ற வேண்டும், உயிருள்ள பட்டையில் படாமல். ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அந்த இடத்தை மறுபடி சுரண்டிப் பிசின் விட வேண்டும்.

போத்துக்கும் இடமுண்டு. தோண்டும் உழைப்பு இல்லை, ஒரே கவாத்தில் பத்துத் துண்டு கிடைக்கும், விரும்பிய கவடுள்ள கிளையைத் தேர்ந்தெடுக்கலாம். 5 செ.மீ.க்கு உட்பட்ட தடிமனில் அடிக்காயமும் சமாளிக்கக் கூடியதே. அடியைத் தட்டையாக அறுக்காமல் குவிந்த கூம்பாகச் சீவி, விளிம்பில் வேரூக்கிப் பொடி தடவி நடுங்கள். கவடுக்கு நேர் கீழே அறுத்தால் ஒரே கனமான தூணாக இல்லாமல் அடி கொஞ்சம் விரிந்து கிடைக்கும். மூன்று மாதம் இழுத்துப் பார்க்கக்கூடாது.

நிலத்தில் வளர்ப்பது காயக் கணக்கில் முதலிடம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே, எப்போது வெட்டுவது என்பது நம் கையில். வேரின் கீழே ஓடு ஒன்றைப் பதித்து நட்டால் வேர்கள் பக்கவாட்டில் விரியும். தாழ்வில் இரண்டு கிளைகளை 2, 3 மீட்டர் ஓடவிட்டால் அடி பருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை அறுத்துவிடலாம். இவ்வழியில் 6, 7 செ.மீ. வரை கொண்டுபோன அனுபவத்தில்தான் சொல்கிறேன். அதற்குமேல் எத்தனை வருடமாகும் என்று உறுதி சொல்லமாட்டேன். முதிர்ந்த வேலிச் செடியின் முண்டும் பட்டையும் அந்த வருடங்களில் வராது என்பதை மட்டும் கண்டிருக்கிறேன். செடியிலேயே கிளையில் பட்டை உரித்து, அந்த இடத்தில் ஈர நார் வைத்துக் கட்டி விண்பதியன் போட்டால் வேர் சுற்றிலும் சீராக வரும். 4, 5 செ.மீ. கிளைகளுக்கு அது போத்தைவிட நம்பகமானது.

ரகத்தில், காகிதப்பூவின் ஓர் இனமான கிளாப்ராவின் வகைகள் இலை சிறியவை என்பதால் குட்டை மரத்துக்கு ஏற்றவை. அடுக்குப்பூ ரகங்களில் வாடிய பூ உதிராமல் பழுப்பாகத் தொங்கும். ஒவ்வொன்றாகப் பறிக்கும் பொறுமை வேண்டும். நல்ல அடிமரத்தில் நிறம் பிடிக்கவில்லையென்றால் மரத்தை ஒதுக்க வேண்டாம். வேர் நன்றாகப் பிடித்தபின் புதுக் கிளைகளில் விரும்பிய ரகத்தை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

தோண்டப் போன இடத்தில் நிற்பது 20 செ.மீ. கனமுள்ள ஒற்றைத் தூணாக, தாழ்வில் ஒரு கிளைகூட இல்லாததாக இருந்தால் கடப்பாரையை எடுக்காதீர்கள். அதைக் குட்டையாக்கினால் வானத்தைப் பார்த்து 20 செ.மீ. காயம் நிற்கும், அதைப் பிசினால் வருடாவருடம் காப்பாற்றுவது நடக்காத காரியம். அந்தச் செடியின் மேல்கவடுகளில் நல்லதாக மூன்றை விண்பதியன் போட்டுவிட்டு, அடுத்த வேலியைப் பார்க்கப் போகலாம்.