இராணுவ அதிகாரிகள் வேடம் கட்டிய மேடை: சிம்லாவின் கெயிட்டி அரங்கு

சிம்லாவின் மால் ரோட்டில் நடக்கும் சுற்றுலாப் பயணிகளில் பலர், ரிட்ஜ் மைதானத்தை ஒட்டி நிற்கும் கோதிக் பாணிக் கற்கட்டடத்தை ஏதோ அரசு அலுவலகம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். சிறு கட்டணம் செலுத்தி அதனுள்ளே நுழைந்தால், 1887 மே 30 அன்று திறக்கப்பட்ட, ஏறத்தாழ முந்நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய கெயிட்டி நாடக அரங்கைக் காணலாம். இதை வடிவமைத்த ஹென்றி இர்வின் நமக்கு அந்நியர் அல்லர்; சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவரும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தை வடிவமைத்தவரும் அவரே. ஆனால் உயர் நீதிமன்றத்தின் பிரம்மாண்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்த அரங்கு முதலில் ஏமாற்றமாகவே தோன்றும், ஏனெனில் இதன் சிறப்பு முழுவதும் இதன் சிறுமையில்தான் இருக்கிறது.

லாட வடிவில் வளைந்து செல்லும் மாடத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்தாலும் மேடையில் நிற்பவரின் முகபாவம் தெரிகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் இயல்பான குரலில் பேசினாலே எல்லா மூலைகளுக்கும் கேட்கிறது. வழிகாட்டி மேடையேறித் தணிந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்லிக்காட்ட, பின்வரிசையில் நின்றிருந்த எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. தொழில்முறை நடிகருக்குரிய பயிற்சி பெற்ற குரல் இல்லாதவர்களுக்காகவே இப்படியொரு அரங்கைக் கட்டினார்களோ என்று நினைக்கத் தோன்றியது, ஏனெனில் இந்த மேடையில் நடித்தவர்கள் பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளும் ஆட்சிப்பணி அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களுமே. 1864 முதல் சிம்லா ஆங்கிலேய அரசின் கோடைக்காலத் தலைநகராக இருந்தது. இராணுவத் தலைமையகமும் இங்கே இயங்கியது. கால்காவிலிருந்து மலை ரயில் வந்தது 1903இல்தான். ஆகவே அரங்கு திறந்த காலத்தில் சமவெளியிலிருந்து நாடகக் குழு எதுவும் எளிதில் ஏறி வந்துவிட முடியாது. பொழுதுபோக்கு வேண்டுமென்றால் தாங்களே வேடம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளே மாட்டியிருக்கும் பழைய நாடகப் புகைப்படங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். இங்கு நடித்தவர்களில் பேடன்-பவல் ஒருவர். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய அதே மனிதர்தான். 1897இல், இந்தியாவில் குதிரைப்படை ஒன்றின் தளபதியாக இருந்தபோது, ஜப்பானியப் பின்னணி கொண்ட ஓர் இசை நாடகத்தில் தேநீர்க் கடை நடத்தும் சீனராக அவர் வேடமேற்றார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை: தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரில் 217 நாள் முற்றுகைக்குள் சிக்கியிருந்தபோதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கலைநிகழ்ச்சி நடத்தித் தாமே மேடையேறிச் சிரிக்கவைத்தார். படைமுகாமில் நாடகம் என்பது வெறும் கேளிக்கை அன்று, மனம் தளராமல் வைத்திருக்கும் ஒரு கருவி என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

ஆனால் இந்த அரங்கு காட்டுவது கதையின் மேல்தட்டை மட்டுமே. சாதாரணச் சிப்பாய்கள் தங்கள் முகாம்களில் போட்ட நாடகங்களுக்கு இத்தகைய கல் மாளிகை எதுவும் மிஞ்சவில்லை. அந்த உலகத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் எஸ்தர் லீச். மீரட்டில் ஒரு படைவீரரின் மகளாகப் பிறந்து, சிறுவயதிலேயே படைமுகாம் நாடகங்களில் நடித்துப் பழகி, பிறகு கல்கத்தாவின் புகழ்பெற்ற நடிகையாகி, அங்கே சான் சூசி என்ற அரங்கையும் நிறுவியவர் அவர். 1843இல் அதே அரங்கில், மேடையோரம் எரிந்த எண்ணெய் விளக்கிலிருந்து உடையில் தீப்பற்றி, அந்தக் காயங்களால் இறந்தார். கெயிட்டியின் அழகிய மேடையோரத்தில் நின்றபோது அந்த விளக்கைத்தான் நினைத்துக்கொண்டேன். சிம்லாவுக்கு வருமுன் அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால், இங்கே பார்ப்பவை வேறு விதமாகத் தெரியும்.

கட்டடத்தைப் பற்றி ஒரு சொல். நடன மண்டபம் முதலியவற்றுடன் ஐந்து தளங்களாக எழுப்பப்பட்ட இந்த மாளிகை பாதுகாப்பற்றது என்று கருதப்பட்டதால், அதன் மேல்தளங்கள் பின்னாளில் அகற்றப்பட்டன. எஞ்சிய பகுதி விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. புதுப்பித்தவர்கள் பழமையை மறைக்காமலும், அதைப் பளபளப்பாக்கிக் கெடுக்காமலும் வேலை செய்திருப்பது பாராட்டுக்குரியது.

மால் ரோட்டில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் கார்ட் ரோட்டிலிருந்து மின்தூக்கியில் ஏறி வருவது நல்லது. ஒத்திகையோ நிகழ்ச்சியோ இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். முடிந்தால் இந்தி நாடகம் ஏதேனும் நடக்கும் மாலையாகத் தேர்ந்தெடுத்து, கீழ்த்தளத்தை விட்டு மாடத்திலேயே இடம் கேளுங்கள். மொழி முழுதும் புரியாவிட்டாலும், நடிகரின் மூச்சு வாங்கும் ஓசைகூட அங்கே கேட்கும்.