பழைய ஸ்டீரியோ ரிப்பன் மைக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வடமோடி என்ற நாட்டுக்கூத்தின் பாடல்களை, எல்லாரையும் ஒரே அறையில் ஒன்றாகப் பாடவைத்துப் பதிய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகப் பாவித்த ஸ்டீரியோ ரிப்பன் மைக் ஒன்றை இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டேன்.

இந்த மைக்கில் ஒலியைப் பிடிக்கும் இரண்டு ரிப்பன்கள், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என, ஒன்றின் மேல் ஒன்றாக 90 பாகை திரும்பி இருக்கும். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்குக் கொடுத்த முறை இது. முன்னாலும் பின்னாலும் ஒரே அளவுக்குக் கேட்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரை மத்தளத்தோடு முன்னால் நிறுத்தி, பிற்பாட்டுக்காரரைப் பின்னால் நிறுத்தலாம். கூத்துக்கென்றே செய்ததுபோல!

ரிப்பன், தலைமுடியை விட மெல்லிய அலுமினியத் தாள். பலமாக ஊதினாலே இழுபட்டுவிடும். "அதுதான் தம்பி, இங்க வச்சுச் சோதிக்க ஏலாது" என்றார் விற்றவர். உண்மையைச் சொல்லியே வாயை அடைத்துவிட்டார்.

பதிவு நாளில் ஹெட்போனில் குரல் அகலமாக விரிந்து கேட்டது. மகிழ்ந்துபோனேன். இரவு, அண்ணாவியாரின் மகன் பதிவைத் தன் போனில் போட்டுக் கேட்டுவிட்டு அழைத்தான்: "அண்ணன், அப்பாட குரல் எங்கேயோ தூரத்தில கேட்குது."

போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் சேரும்போது, நடுவில் நின்ற அண்ணாவியாரின் குரலை ஒரு பக்கம் மற்றப் பக்கத்தில் அழித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால், மேல் ரிப்பனை யாரோ மாற்றி, வயர்களைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார்கள். அதைக் கணினியில் ஒரு பக்கத்தின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்தேன். ஆனால் புது ரிப்பன் தொய்ந்து கிடக்கிறது; அந்தப் பக்கம் சல்லரித் தாளத்தின் கணீர் ஒலியே இல்லை. அதற்கு மருந்து கிடையாது. விற்றவரோ, "தரும்போது நல்லாத்தானே இருந்தது" என்று போனை வைத்துவிட்டார்.

ஊதாமலே சோதிக்கலாம். நேர் முன்னால் நின்று சாதாரணமாகப் பேசுங்கள்: இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்ட வேண்டும், மோனோவில், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும்போது, குரல் மெலியக் கூடாது. 45 பாகை விலகி நின்றால் ஒரு ரிப்பன் நன்றாகக் கேட்கும், மற்றது ஏறக்குறைய அமைதியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அண்ணாவியாரிடம் நடந்ததைச் சொன்னேன். தை பிறந்ததும் திரும்ப வந்து பாடுகிறேன் என்றிருக்கிறார்.