சராசரி மணிக்கூலியா, வேலைச் செலவுக் குறியீடா?

அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கூலி ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டையும் வெளியிடுவது அங்குள்ள தொழிலாளர் புள்ளியியல் துறைதான்.

முதலாவது, சராசரி மணிக்கூலி. மாதாமாதம் வேலைவாய்ப்பு அறிக்கையோடு சேர்ந்தே வந்துவிடும். அதனால் சந்தை முதலில் பாய்வது இதன் மேல்தான். ஆனால் ஓவர்டைம் இதில் கலந்துவிடும். மணிக்கு 30 டாலர் வாங்குபவர் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் சராசரி 30. ஆர்டர் குவிந்து, ஒன்றரை மடங்கு கூலியில் இன்னும் 10 மணி நேரம் உழைத்தால் சராசரி 33 ஆகிவிடும். முதலாளி ஒரு காசு கூட்டவில்லை, கணக்கில் மட்டும் 10% உயர்வு! ஓவர்டைம் நீக்கிய தொடரும் உண்டு. உற்பத்தித் துறைக்கு அதைப் பார்ப்பதே நல்லது.

ஆட்கள் மாறினாலும் இதே குழப்பம்தான். 2020 ஏப்ரலில் குறைந்த கூலிக்காரர்கள் கூட்டமாக வேலை இழந்தார்கள். தனியார் துறை முழுவதற்குமான சராசரி ஒரே மாதத்தில் 4.7% எகிறியது. யாருக்குச் சம்பள உயர்வு கிடைத்ததாம்?

இரண்டாவதான வேலைச் செலவுக் குறியீடு இதில் ஏமாறாது. வேலைகளின் கலவையை மாற்றாமல் வைத்து, ஆட்களுக்காக முதலாளி செய்யும் செலவை அளக்கிறது, மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகளையும் சேர்க்கிறது. காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது குறை. ஆனாலும் 2021 இறுதியில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் விலைவாசியை அடக்கக் கடுமைக்குத் திரும்பியபோது, அதன் அப்போதைய தலைவர் பவல் எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்று இந்தக் குறியீடு. விலைவாசியைப் பற்றி யோசிப்பவர்கள் மூன்று மாதம் காத்திருக்கலாம், தப்பில்லை.