மணி கோத்த ஸ்கிப்பிங் கயிறு: செயற்கைக் காலோடு ஆறு மாதம் ஆடிப் பார்த்த அனுபவம்

வேலூர் கோட்டைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கடையில் போன ஆடி மாதம் இந்தக் கயிற்றை வாங்கினேன். விலை 380 ரூபாய். வாரத்துக்கு நாலு நாள் ஆடுகிறேன். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக் கால்தான். என்னைப் போன்றவர்கள் எந்தக் கயிறு வாங்க வேண்டும் என்று தேடித்தேடி அலுத்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கடைக்காரர், "பாப்பாவுக்காம்மா?" என்று கேட்டார். "எனக்குத்தான்ணா" என்றேன். சுடிதாருக்குக் கீழே தெரிந்த பாதத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து நாலைந்து கயிற்றை இறக்கி, "வெளியில எடம் இருக்கு, ஒவ்வொண்ணா சுத்திப் பாருங்க. எது கைக்கு வருதோ அத எடுத்துக்குங்க" என்றார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஒரு ஜிம்மில், "உங்களுக்குக் குதிக்கிறதெல்லாம் வேணாங்க்கா, சைக்கிள மிதிங்க போதும்" என்று என்னை ஒரு ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். கடைக்காரர் அப்படி நடந்துகொண்டது எனக்குப் பெரிய விஷயம்.

இதற்கு முன் மூன்று கயிறு வாங்கிக் காசை வீணாக்கியிருக்கிறேன். முதலாவது லாங் பஜாரில் வாங்கிய மரப்பிடி போட்ட பருத்திக் கயிறு. பள்ளிக்கூடத்தில் அதில்தான் ஆடினேன். இப்போது ஒத்துவரவில்லை. எடை போதாமல் தலைக்கு மேலேயே தொய்ந்துவிடுகிறது, காற்றடித்தால் ஒரு பக்கமாக ஓடுகிறது. இரண்டாவது பி.வி.சி. கயிறு. பெட்டிக்குள் சுருட்டி வைத்த சுருள் அப்படியே நின்று, செயற்கைப் பாதத்தின் நுனியில் மாட்டிக்கொண்டே இருந்தது. வெந்நீரில் போட்டு நீவித் தொங்கவிட்டால் நேராகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது ஸ்டீல் கம்பிக் கயிறு. ஒரே குதிப்பில் கயிற்றைக் காலுக்கடியில் இரண்டு முறை விடுகிற 'டபுள் அண்டர்' ஆட்டக்காரர்களுக்கு அது சரி. அவ்வளவு வேகம் எனக்கு வேண்டாம். வலது கெண்டைக்காலில் பட்ட ஒரு அடி பத்து நாள் கன்றிப்போய்க் கிடந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

இனி மணிக்கயிறு. நைலான் நூலில் ஒவ்வொன்றும் ஒரு அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் மணிகளை நெருக்கமாகக் கோத்திருக்கிறார்கள். எடை இருப்பதால் சுற்றும்போது வளைவு கலையாமல் வருகிறது, மெதுவாகச் சுற்றினாலும் தொய்வதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இந்த மெதுவான சுற்றுதான் உயிர்.

அதைவிட முக்கியம் சத்தம். குதித்து இறங்கும்போது தரை வந்துவிட்டதைக் காலுள்ளவர்களுக்கு விரல்நுனி சொல்லிவிடும். எனக்கு இடப்பக்கம் அந்தச் சேதி வராது. இறங்கிய பிறகு, மிச்சக் காலை நுழைத்துக்கொள்கிற சாக்கெட்டுக்குள் ஒரு அழுத்தம் மட்டும் தெரியும். கயிறு எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தாலோ உடம்பு முன்னால் சாய்ந்து தடுமாறும். மணிகள் பாதத்துக்கு முன்னால் தரையில் 'டக்' என்று தட்டுகிற சத்தம்தான் எனக்கு "எம்பு" என்று சொல்கிறது. நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். நூல் அறுவதையும் ஊசி மழுங்குவதையும் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் காதை ஸ்கிப்பிங்குக்கும் பயன்படுத்தலாம் என்பது இந்தக் கயிறு வந்த பிறகுதான் புரிந்தது. குதிக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே நிமிர்ந்து, எதிரே இருக்கிற கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆடினேன்.

கயிற்றின் நீளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, நம் உயரத்தோடு 3 அடி. கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரைக்கும் வர வேண்டும் என்றும் சொல்வார்கள். என் உயரம் 5 அடி 1 அங்குலம், அந்தக் கணக்குப்படி 8 அடி 1 அங்குலம் போதும். நான் 8½ அடி வைத்திருக்கிறேன். செயற்கைப் பாதம் வலது பாதம் அளவுக்கு மேலே எழும்பாது என்பதால் அந்த அஞ்சு அங்குலம் வேண்டியிருக்கிறது. வந்தபோது 9 அடி இருந்தது. பிடியின் மூடியைத் திருகி, முடிச்சை அவிழ்த்து, ஆறு மணியை உருவிவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டேன். உருவிய மணிகளைத் தூக்கி எறியாதீர்கள், உடைந்ததற்கு மாற்ற ஆகும்.

என் பாதம் 'ஸாச்' வகை. கணுக்காலில் அசைவு கிடையாது, குதிகாலில் மெத்தென்ற பொருள் வைத்திருப்பார்கள், உள்ளே கட்டை. முன்பாதத்தை ஊன்றி எம்ப முடியாது. ஸ்கிப்பிங்கின் அரிச்சுவடியான 'பேசிக் பவுன்ஸ்', இரண்டு முன்பாதத்திலும் சேர்ந்து குதிப்பது. அதனால் எல்லாரும் தொடங்குகிற இடத்தில் நாம் தொடங்க முடியாது. நான் தொடங்கியது 'சைடு ஸ்விங்'கில். இரண்டு பிடியையும் சேர்த்துப் பிடித்துக் கயிற்றை உடம்புக்குப் பக்கத்தில் மட்டும் சுற்றுவது, குதிக்கவே வேண்டாம். தோளைச் சுற்றாமல், முழங்கையை இடுப்போடு ஒட்டி, மணிக்கட்டால் சுற்றப் பழகுவதற்கு இரண்டு வாரம் அதையே செய்தேன். அடுத்து, கயிற்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, செயற்கைக் காலை முதலில் எடுத்துவைத்துத் தாண்டுவது. நல்ல காலை முதலில் வைத்தால், பின்னால் வருகிற மடங்காத பாதநுனி கயிற்றில் மாட்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் நான் நாலு தடவை விழுந்தேன்.

அதற்கப்புறம் 'டபுள் பவுன்ஸ்', கயிறு ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு குதிப்பு. ஒன்று கயிற்றைத் தாண்ட, இன்னொன்று நிதானம் பிடிக்க. இப்போது நான் அதிகம் ஆடுவது 'பாக்ஸர் ஸ்டெப்'. குத்துச்சண்டைக்காரர்கள் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி ஆடுவது அது. அவர்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றுவார்கள், நான் வலதில் இரண்டு, இடதில் ஒன்று. இடதில் இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி முழுப் பாதத்தில் இறங்குவேன். கையைக் குறுக்கே மாற்றுகிற 'கிரிஸ்-கிராஸ்' எனக்கு வந்துவிட்டது. காலைவிடக் கைக்குத்தான் அதில் வேலை. டபுள் அண்டர் வரவில்லை, நான் முயலவும் இல்லை.

எனக்குக் கால் செய்து கொடுத்தது வேலூர் பாகாயத்தில் இருக்கிற சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையம். 1954ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்நின்று 1966ல் திறந்த இடம் அது. குதிக்கலாமா என்று அங்கே கேட்டுக்கொண்டுதான் கயிற்றைத் தொட்டேன். நீங்களும் கேட்காமல் தொடங்காதீர்கள். அங்கே சொன்னதில் தினமும் கடைப்பிடிப்பது இரண்டு. ஒன்று சாக்ஸ். மாலைக்குள் தண்டுக்கால் (முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கிற கால்) கொஞ்சம் வற்றிவிடும். சாக்கெட் தளர்ந்து காலுக்குள் கால் ஏறி இறங்கினால் தோல் உரிந்துவிடும். அதனால் ஆடுவதற்கு முன் தண்டுக்காலுக்குப் போடுகிற ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன். வேலூர் வெயிலில், தோலோடு ஒட்டிப் போடுகிற மெத்தென்ற உறையான லைனருக்குள் வியர்வை குளம் கட்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஆடி முடித்துத் தண்டுக்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் மறுநாள் கயிற்றை எடுப்பதில்லை.

ஷூவைப் பற்றி என் தொழில் புத்தி சொல்லும் ஒன்றையும் சேர்க்கிறேன். செயற்கைப் பாதத்தை ஒரு குதிகால் உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் பொருத்துகிறார்கள். ஸ்கிப்பிங்குக்கென்று தட்டையான ஷூ ஒன்று வாங்கினேன். முழங்கால் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. சோலின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்தபோது, பழைய ஷூவைவிடக் குதிகால் 8 மில்லிமீட்டர் குறைவு. உள்ளே ஒரு குதிகால் அட்டை வெட்டி ஒட்டிய பிறகுதான் கால் நின்றது. உயரம் கூடினால் முன்னால் தள்ளும், அதுவும் ஆபத்து.

கயிற்றின் குறைகளும் உண்டு. மொட்டை மாடி சிமென்ட் தரையில் ஆடிய ஒரே மாதத்தில் நடுவில் இருக்கிற ஏழு மணி விரிசல் விட்டது. கீழ்வீட்டு அக்காவுக்குச் சத்தமும் தொந்தரவு. கோட்டை மைதானத்து மண்தரைக்கு மாறியதும் இரண்டும் தீர்ந்தன, இறங்குகிற அதிர்ச்சியும் குறைந்தது. மழைக்காலத்துக்கு வீட்டில் ரப்பர் பாய் போதும். பிடி வழவழப்பான பிளாஸ்டிக், வியர்த்தால் கையை விட்டு நழுவுகிறது. கம்பெனியில் மிச்சமான சூயிட் லெதர் துண்டைச் சுற்றித் தைத்துக்கொண்டேன். வலது பிடியின் மூடி மூன்றாம் மாதம் திருகு தேய்ந்து கழன்றுவிட்டது. 380 ரூபாய் வாங்குகிறவர்கள் அதைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்திருக்கலாம்.

மையத்தில் பழக்கமான ஒரு தம்பிக்கு முழங்கைக்குக் கீழே வலது கை இல்லை. அவனுக்கும் இந்தக் கயிறுதான் வாங்கிக் கொடுத்தோம். பிடியை முன்கையோடு வெல்க்ரோ பட்டையால் கட்டினோம். அந்தப் பக்கம் மணிக்கட்டு இல்லாததால் முழங்கையால் சுற்றுகிறான். கை குட்டை என்பதால் கயிற்றின் நடு ஒரு பக்கம் ஒதுங்கியது. பட்டைக்கும் பிடிக்கும் இடையில் ஒரு சாண் நாடா சேர்த்ததும் நடு சரியாகிவிட்டது. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்கு நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்கும்போது செயற்கை மூட்டு மடிந்துவிட்டால் பெரிய அடி படும். நாற்காலியில் உட்கார்ந்து சைடு ஸ்விங் ஆடலாம், அதிலேயே நன்றாக மூச்சு வாங்கும்.

ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற கார்பன் பிளேடு இருந்தால்தான் குதிக்க முடியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிளேடுக்கு ஸ்பிரிங் உண்டு, உண்மைதான். ஆனால் அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் சாதாரணப் பாதத்தோடு பாக்ஸர் ஸ்டெப்பில் நிற்காமல் 62 வரை போயிருக்கிறேன்.

அடுத்ததாக அதே கடையில் 16 அடி மணிக்கயிறு சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய மகளும் அவள் சிநேகிதியும் இரண்டு பக்கமும் நின்று சுற்றுவார்கள். சுற்றுகிற கயிற்றுக்குள் ஓடி நுழைவது எனக்கு ஆகாது, அதனால் நடுவில் நின்று தொடங்கப் போகிறேன். "அம்மா, சத்தம் கேட்டதும் எம்பு, நாங்க மெதுவா சுத்துறோம்" என்று சொல்லியிருக்கிறாள்.