ஏஸா, பிக்கப்பா, 407-ஆ? ஜேசிபி மெக்கானிக்குக்கு எந்த வண்டி?

கல்குவாரியிலோ சாலை வேலை நடக்கும் இடத்திலோ ஒரு ஜேசிபி படுத்துவிட்டால் அதைப் பட்டறைக்கு இழுத்து வருவது லேசான காரியமில்லை. ஏழெட்டு டன் எடை. சில சமயம் ஏற்றிவரும் லாரி வாடகையே ரிப்பேர் செலவைத் தாண்டிவிடும். அதனால் பட்டறைதான் அங்கே போக வேண்டும். இதுவரை பைக்கில் ஸ்பேனர் பையோடு போய் வந்தவர்கள், அடுத்து எந்த வண்டி எடுக்கலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஷோரூம் போகும் முன் சாமான்களை எடை போடுங்கள்.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 5 கேவிஏ ஜெனரேட்டர் 90 கிலோ. நிரப்பிய பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் 60. கமர்ஷியல் கேஸ் சிலிண்டர், இரும்பு எடையும் சேர்த்து 35. சின்ன கம்ப்ரசர் 70. ஹைட்ராலிக் ஆயில் வாளி மூன்று, கிரீஸ் வாளி ஒன்று, சேர்ந்து 75. ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை நெருக்கிப் பிடிக்கும் கைப் பம்ப் கிரிம்பிங் மெஷின், டை செட்டோடு 50. ஹோஸ் சுருள், ஃபிட்டிங் 60. ஸ்பேனர், சாக்கெட், ஜாக்கி, செயின் பிளாக், வைஸ் எல்லாம் 150. இதுவே 590 ஆகிவிட்டது. தகரப் பெட்டி பாடிக்கு 250, உங்களுக்கும் ஹெல்பருக்கும் 140 வைத்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் டாடா ஏஸ் தோற்கிறது. 2005-ல் வந்ததிலிருந்து, சின்ன யானை என்று பேர் வாங்கிய இந்த வண்டி நம் ஊரில் சுமக்காத பாரமில்லை, அதிலும் அளவுக்கு மேல். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட சுமை முக்கால் டன் அளவுதான். காய்கறிக்காரர் ஓவர்லோடு ஏற்றினால் சந்தையில் இறக்கிவிடுவார். நீங்கள் அதே பாரத்தை வருஷம் முழுக்கச் சுமந்து திரிய வேண்டும். கூடவே 12 அங்குல வீல். ஜல்லி கொட்டிய குவாரி ஏற்றத்தில் அந்தச் சின்ன டயர் படும் பாடு ஓட்டியவருக்குத் தெரியும். வெல்டிங்கை விட்டுவிட்டு ஹோஸ், சீல் கிட், ஃபில்டர், சர்வீஸ் என்று மட்டும் இருந்தால் ஏஸ் போதும், சிக்கனமும்கூட.

எலெக்ட்ரிக்கல் வேலைக்காரர்களுக்கு இன்னும் சின்னதே நல்லது. 2021 ஏப்ரலில் நான்காம் கட்டப் புகை விதி வந்தபின் விற்ற ஜேசிபிகளில் சென்சாரும் வயரிங்கும் கூடிவிட்டன. லேப்டாப்பும் மல்டிமீட்டரும் வைத்துக்கொண்டு கோளாறு பார்ப்பவருக்கு மாருதி ஈகோ கார்கோ வேன் தாராளம். தூசியும் உள்ளே அவ்வளவாக வராது.

முழு வேலையும் செய்பவருக்கு என் ஓட்டு பிக்கப்புக்குத்தான். அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் இரண்டுமே ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் தாங்கும். ஊருக்குள் சந்து பொந்தில் திருப்ப தோஸ்த் சுலபம். குவாரி, காட்டுப் பாதை என்றால் உயரமான பொலேரோ. சந்தேகமென்றால் அன்றாடம் எந்தப் பாதை அதிகமோ அதை வைத்து முடிவெடுங்கள். மைலேஜ் வித்தியாசத்தை வைத்து வேண்டாம்.

டாடா 407 என்ற சின்ன லாரிக்கு ஆசைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் வைக்கும் சின்ன கிரேன். பாறை உடைக்கும் ராக் பிரேக்கரை இறக்கலாம், ரிம்மோடு பின் டயரைத் தூக்கலாம். ஆனால் சைட்டில் பெரும்பாலும் இன்னொரு மெஷின் நின்றுகொண்டிருக்கும். அதன் பக்கெட்டில் சங்கிலி மாட்டினால் தூக்கிக் கொடுத்துவிடும். தனித்தனியாக வயற்காட்டில் நிற்கும் மெஷின்களே உங்கள் பிழைப்பு என்றால்தான் கிரேன் போட்ட காசைத் திருப்பிக் கொடுக்கும். லைசென்ஸ் பயம் மட்டும் வேண்டாம். மொத்த எடை (வண்டியும் முழுச் சுமையும் சேர்ந்து) 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி, அதாவது இலகுரக வண்டி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பர்மிட் கதை வேறு: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, 407-க்குத் தேவை. பிக்கப்பிலும் சில மாடல்கள் அந்தக் கோட்டைத் தாண்டும். வாங்கும் முன் மொத்த எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரன்ட். சைட் கரன்ட்டை நம்பி இன்வர்ட்டர் வெல்டிங் மெஷினை மட்டும் தூக்கிப்போனால், லைன் கடைசியில் வோல்டேஜ் இறங்கி மெஷின் கட் ஆகும். டிராலியில் இழுக்கும் டீசல் வெல்டிங் செட் அசராது, ஆனால் அதை இழுத்துக்கொண்டே அலைய வேண்டும். நடுவழி, 200 ஆம்ப் இன்வர்ட்டரும் சொந்த ஜெனரேட்டரும். 10 கேஜ் (சுமார் 3 மி.மீ.) வெல்டிங் ராடுக்கு 110, 120 ஆம்ப் போதும், 5 கேவிஏ தாங்கும். அதைவிடத் தடித்த 8 கேஜ் போட்டால் திணறும். பக்கெட் விரிசலைக் கிரைண்டரில் வி போலத் திறந்து, காய்ந்த 7018 ரக வெல்டிங் ராடில் 10 கேஜிலேயே இரண்டு மூன்று ரன் ஓட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் கரன்ட், மூட்டுகளில் இருக்கும் பின், புஷ், பேரிங் வழியாகப் பாயும். சென்சார் வைத்த புது ஜேசிபி என்றால் அதன் பேட்டரி வயரையும் கன்ட்ரோல் யூனிட் கனெக்டரையும் முதலில் கழற்றிவிட வேண்டும்.

பாடியில் திறந்ததா மூடியதா என்றால் மூடியதுதான், மழைக்கும் திருட்டுக்கும். ஆனால் பின்கதவு மட்டும் வைத்தால், தேடும் சாமான் எப்போதும் அடி ஆழத்தில்தான் இருக்கும். பக்கவாட்டில் இரண்டு ஷட்டர் கேளுங்கள். சிலிண்டர்களைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வெளியே கம்பிக் கூண்டில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு நிறுத்த வேண்டும். கிரீஸ் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடவும் கூடாது. நம் தொழிலில் இதுதான் கஷ்டம், அதனால் கூண்டிலேயே ஒரு சுத்தமான துணியைத் தொங்கவிடுங்கள். ஜெனரேட்டரை இழுத்து வெளியே தள்ளும் டிரேயில் வைத்து, வெளியே நிறுத்தியே ஓட்டுங்கள்.

பாடி கட்டும் முன் ஆர்டிஓ அனுமதியும், கட்டியபின் ஆர்சியில் பதிவும் வேண்டும். இல்லையென்றால் விபத்து க்ளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். வண்டி பாலிசி உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பொருந்தாது, அதற்குத் தனி பாலிசி கேட்டு வாங்குங்கள்.