ஜியோஜீப்ராவில் சமன்பாடு தீர்த்தல்: நான்காண்டு அனுபவம்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கட்டணமின்றிக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அதற்கு ஜியோஜீப்ரா கிளாசிக் 5 மென்பொருளில் உள்ள 'கேஸ்' என்ற இயற்கணிதப் பகுதியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய இம்மென்பொருளை வடிவியல் படம் வரைவதற்கானது என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கப் பழக்குவதற்கு நான் கண்டவற்றுள் இதுவே சிறந்தது.

முன்பு, கணக்கைப் படம் பிடித்தால் எல்லாப் படிகளையும் காட்டும் ஒரு கைப்பேசிச் செயலியைக் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் படிகளை அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் எண்களை மாற்றிக் கொடுத்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்கள், ஏனெனில் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேலை முழுவதையும் செயலியே செய்திருந்தது.

இங்கே அப்படியில்லை. முதல் வரியில் 3x + 5 = 20 என்று எழுதி, அடுத்த வரியில் வலது அடைப்புக்குறியைத் தட்டினால் முந்தைய சமன்பாடு அடைப்புக்குள் வந்து நிற்கும்; அதன் பக்கத்தில் −5 என்று மாணவர் எழுதினால் 3x = 15 கிடைக்கும். பிறகு /3 என்றால் x = 5. எதைக் கழிப்பது, எதால் வகுப்பது என்பதை மாணவர்தான் சொல்ல வேண்டும். அதை இருபுறமும் செய்து காட்டுவது மட்டுமே மென்பொருளின் வேலை.

தவறான படியையும் அது மறுக்காமல் செய்து காட்டுவதைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். 3x = 15 என்ற இடத்தில், "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலர், 3ஐ மறுபக்கம் கொண்டுபோய் x = 12 என்று எழுதிவிடுவார்கள். சிவப்பு மையால் சுழிப்பதைவிட, −3 என்று அவர்களையே தட்டச் சொல்வது பயன் தருகிறது. திரையில் 3x − 3 = 12 என்று வருகிறது; x இன்னும் தனியாகவில்லை என்பதைப் பார்த்த பிறகு, கெழுவான 3, அதாவது x-இன் முன் நிற்கும் எண், x உடன் பெருக்கலில் இருப்பதால் வகுத்தல்தான் அதை நீக்கும் என்று நான் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதேபோல் 2x − 7 = 11இல் 7ஐக் கழித்தால் 2x − 14 = 4 ஆகிறது; கூட்டியிருக்க வேண்டும் என்பது உடனே புரிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி 'அல்ஜப்ர்' என்று பெயரிட்டதும், கழிபட்டு நிற்கும் உறுப்பை இருபுறமும் கூட்டி நிறைவாக்கும் இச்செயலைத்தான். ஆங்கிலத்தில் இயற்கணிதத்தின் பெயரே அச்சொல்லிலிருந்து வந்தது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 4 − 2(x − 5) = 8 என்று கொடுத்தால் அடைப்பை மென்பொருளே விரித்துச் சுருக்கிவிடும். பிள்ளைகள் மிகுதியாகத் தவறுவது, −2ஐ −5ஆல் பெருக்கி +10 பெறும் அந்த இடத்தில்தான் என்பதால், அடைப்புள்ள கணக்குகளை முதலில் நோட்டில் விரித்த பின்னரே திரைக்குப் போக அனுமதிக்கிறேன்.

வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இது இலவசம். ஒருமுறை நிறுவினால் இணையம் தேவையில்லை. மூன்று வாரங்களுக்குப் பிறகு கணினியை மூடிவிட்டு நோட்டிலேயே தொடர்கிறோம். அப்போதும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் −5 என்றோ ÷3 என்றோ செய்யப்போவதை முதலில் குறித்த பின்பே பிள்ளைகள் அடுத்த வரியை எழுதுகிறார்கள்.