பழைய வீட்டு நீச்சல் குளத்துக்கு கோட்டிங் அடிக்கப் போகிறீர்களா? மூன்றரை லட்சம் போன கதையைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

மூன்றரை லட்சம். பழைய குளத்தில் கசிவை நிறுத்தித் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய தொகை இது. வேலைக்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் இறங்கியதோ, வேலை முடிந்த பிறகும் மில்லிமீட்டர் குறையாமல் அதே அளவு இறங்குகிறது. வயிறு எரிகிறது. குளத்தை வைத்துக்கொள்வதா, ரிப்பேர் பார்ப்பதா, வேறு எதற்காவது மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கடைசியில் ஆலோசனை சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆளை அனுப்பியது வீட்டு வேலைகளுக்கு ஆன்லைனில் புக் பண்ணும் ஒரு தளம். பெயரைப் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை.

குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். ஏறக்குறைய 48,000 லிட்டர் பிடிக்கும். பழைய கான்கிரீட் தொட்டி, உள்ளே டைல்ஸ். தினமும் 25 மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பரப்பளவில் 1 மில்லிமீட்டர் என்றாலே 32 லிட்டர், ஆக ஒரு நாளைக்கு மொத்தம் 800 லிட்டர் குறைகிறது. சாதாரண வெயிலில் ஆவியாவது 5, 6 மில்லிமீட்டர்தான். மீதி கசிவு என்பதில் சந்தேகமே இல்லை. எங்கே கசிகிறது என்பது மட்டும்தான் கேள்வி, அதைக் கண்டுபிடிக்கத்தான் "நிபுணர்" வந்தார்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் செய்து காட்டுவார்கள். மர சுத்தியலால் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போல "டொக் டொக்" என்று கேட்டது. அடுத்து ஒரு சிரிஞ்சில் சிவப்புச் சாய நீரை எடுத்து, சுவரில் இருந்த மெல்லிய விரிசலுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் மெதுவாக விட்டார். சாயம் நூல் மாதிரி நீண்டு விரிசலை நோக்கி நகர்ந்தது. "பார்த்தீங்களா சார், இங்கதான் குடிக்குது" என்றார். கண்ணால் பார்த்ததை யார் நம்பாமல் இருப்பார்கள்?

ஆனால் அப்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் மோசடி. சாயச் சோதனை பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு செய்ய வேண்டியது. பம்ப் ஓடினால், வடிகட்டிய நீரைக் குளத்துக்குள் திருப்பி விடும் ரிட்டர்ன் வாயிலிருந்து வரும் நீரோட்டம் சாயத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளும். அதோடு, சாயத்தை விட வேண்டிய முக்கிய இடங்கள் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் சுவர்த் திறப்பு) வாயும் கான்கிரீட்டும் சேரும் மூட்டு, விளக்குக் குழிக்குள் போகும் வயர் குழாய், ரிட்டர்ன் ஃபிட்டிங், அடி வடிகால். இவற்றில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. தட்டினால் கேட்கும் "டொக்" சத்தமும் டைல் பிடி விட்டுப் பெயர்ந்திருப்பதைத்தான் காட்டும், தொட்டி கசிவதை இல்லை.

தீர்ப்பு உடனே வந்தது: தொட்டி முழுக்க எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து பூசினால் இறுகும் பிசின்) கோட்டிங், பத்து வருஷ கேரண்டி. பாதி அட்வான்ஸ், மீதி "கோட்டிங் முடிந்ததும்". கவனியுங்கள், தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகு என்று இல்லை. மூன்றரை லட்சமும் காலித் தொட்டியைப் பார்த்தே கைமாறிவிட்டது.

வேலையைச் செய்த விதம் அதைவிட மோசம். மழை பெய்த மறுநாளே மொத்தத் தண்ணீரையும் இறைத்தார்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். தரை பிளக்கும், சில சமயம் தொட்டியே தூக்கிவிடும். அடி வடிகாலில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரிசலை கிரைண்டர் வைத்து 20, 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டித் திறந்து, தூசி எடுத்து, நீர்க்கசிவை உடனே அடைக்கும் ஹைட்ராலிக் சிமெண்டால் நிரப்ப வேண்டும். அசைகிற விரிசல் என்றால் வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் ஊசி போட வேண்டும். இங்கே மேலாகப் புட்டி தடவினார்கள், அவ்வளவுதான்.

கோட்டிங்குக்கு முன் ஈரம் பார்ப்பதும் எளிது. 45 சென்டிமீட்டர் சதுர பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தொட்டி காயவில்லை. அதைச் செய்யவில்லை. வழவழப்பான டைல் மேல் பெயிண்ட் பிடிக்காது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. எபாக்ஸி முழுசாக இறுக ஏழு நாளாவது விடுங்கள் என்று பெரும்பாலான டப்பாக்களிலேயே அச்சடித்திருக்கும். இவர்கள் இரண்டே நாளில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இப்போது சுவர் முழுக்கக் காசு அளவில் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளேயிருந்து தண்ணீர் வருகிறது, பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வருகிறது, அடியில் பழைய டைல் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

உண்மையான கசிவு எங்கே தெரியுமா? பம்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை அது போக்கில் இறங்க விட்டால், ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்புக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அதன்பிறகு வெயிலில் ஆவியாகும் அளவு மட்டுமே குறைகிறது. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை. ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் ஒட்டும் மூட்டு விட்டுப் போயிருக்கிறது. பழைய குளங்களில் மிகச் சாதாரணமான கோளாறு இது. நீருக்கடியிலும் இறுகும் எபாக்ஸி புட்டி கொஞ்சம் வாங்கி, இரண்டு பாகத்தையும் பிசைந்து அழுத்தினால் அடைபடும் வேலை. அதற்கு மூன்றரை லட்சம்!

கேட்கப் போனால் வந்த பதில்களைப் பாருங்கள். முதலில், "புது கோட்டிங் கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார், ஒரு வாரம் பொறுங்க." எபாக்ஸி எந்த ஊரில் நாளைக்கு 800 லிட்டர் குடிக்கும்? அடுத்து, "வெயில் ஜாஸ்தி சார்." கொப்புளத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால், "கெமிக்கல் அதிகமா போட்டிருப்பீங்க." பிஹெச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில்தான் இருந்தது, அந்தப் படத்தையும் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. தளத்தின் கஸ்டமர் கேரில் கேட்டால், கேரண்டி கோட்டிங்குக்கு மட்டும்தானாம், கசிவுக்கு இல்லையாம். சரி, கோட்டிங்தானே உரிகிறது என்றால், "அந்த டெக்னீஷியன் இப்ப எங்க பேனல்ல இல்ல." புகாரை "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது? மூன்றரை லட்சம்தான் தீர்ந்தது.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். யாரையும் கூப்பிடும் முன் வாளி சோதனை செய்யுங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியே குளத்திலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். வாளியில் குறைவது ஆவியாவது மட்டும், குளம் அதைவிட அதிகம் இறங்கினால் கசிவு. பம்ப் ஓட 24 மணி நேரம், நிறுத்தி 24 மணி நேரம். பம்ப் ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் ரிட்டர்ன் குழாயைச் சந்தேகப்படுங்கள். பம்ப் ஓடினாலும் நின்றாலும் குளம் ஒரே அளவு கசிந்தால் தொட்டி, ஸ்கிம்மர், விளக்கைச் சந்தேகப்படுங்கள். மழை நாளில் செய்யாதீர்கள்.

கோளாறு ஸ்கிம்மர், பம்ப் சீல், வால்வு என்ற அளவில் இருந்தால் குளத்தை தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தரை ஒரு பக்கம் சாய்ந்து, விரிசலின் இரு ஓரமும் மேலும் கீழுமாக நின்றால் கோட்டிங்கைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். மழைநீர்த் தொட்டியாக மாற்றுவதென்றால் மேல் ஸ்லாபின் பாரத்தைக் குளத்துச் சுவர் மேல் ஏற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். கொசு புகாமல் மூடுவது கட்டாயம். மண் போட்டு மூடுவதானால் தரையில் பெரிய ஓட்டைகள் போட்டு, சுவரின் மேல்பகுதியை இடித்து, 20 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும். ஓட்டை போடாமல் மூடினால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சேறாகி, தரை இறங்கிக்கொண்டே இருக்கும். எப்படி மூடினாலும் அந்த இடத்தின் மேல் எதையும் கட்டாதீர்கள். விளக்குக் குழியில் கை வைக்கும் முன் மெயினை அணையுங்கள்.

ஒப்பந்தத்தில் "கோட்டிங் முடிந்ததும் மீதி" என்று இருந்தால் அடித்துவிட்டு, "தண்ணீர் நிரப்பி, ஏழு நாள் வாளி வைத்துப் பார்த்த பிறகு மீதி" என்று எழுதி வாங்குங்கள். கேரண்டித் தாளில் "கசிவு" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.